பிரதமர் யார் என்று ஒரு சிட்டைத் தாளில் கணக்குப் போடுவது எப்படி

2024 ஜூன் 4ஆம் தேதி எங்கள் தெருமுனை வத்தல் கமிஷன் மண்டியில் உட்கார்ந்திருந்தேன். மண்டி அண்ணாச்சி அன்றைக்கு வியாபாரத்தைப் பையன்களிடம் விட்டுவிட்டு, டிவியைக் கல்லாவுக்கு எதிரே திருப்பி வைத்திருந்தார். மத்தியானம் இரண்டாவது டீ வந்தபோது கேட்டார்: "சார், ஓட்டுப் போட்டது நாம. எண்ணுறதும் நம்ம ஓட்டு. அப்புறம் எதுக்கு டெல்லியில மறுபடி கூட்டம் போட்டுப் பிரதமரை எடுக்காங்க?"

முப்பத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வாயால் விளக்கினால் அண்ணாச்சி கேட்க மாட்டார், கணக்காகக் காட்டினால் கேட்பார். அவரிடமே ஒரு சிட்டைத் தாள் வாங்கிக் கோடு போட்டேன். அன்றைக்குக் காட்டிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கையன்று நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு பேனா போதும்.

தாளை எடுப்பதற்கு முன்னால், நீங்கள் போட்ட ஓட்டு என்னவென்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எங்கள் விருதுநகர் தொகுதி இயந்திரத்தில் பிரதமர் வேட்பாளர் என்று யார் பெயரும் இல்லை. மாணிக்கம் தாகூர் இருந்தார், விஜய பிரபாகரன் இருந்தார், ராதிகா இருந்தார். கடைசியில் முதலாமவர் நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில்தான் தப்பித்தார். ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தது. ஆனால் டெல்லிக் கணக்கில் அதற்கு ஒரே ஒரு கோடு. நாலாயிரத்தில் ஜெயித்தாலும் நாலு லட்சத்தில் ஜெயித்தாலும் அதே ஒரு கோடுதான். "நான் இன்னாரைப் பிரதமராக்க ஓட்டுப் போட்டேன்" என்று சொல்வது மனசுக்குச் சரி, சட்டத்துக்கு அது தெரியாது. நாம் அனுப்புவது ஓர் உறுப்பினரை. பிரதமர் அந்த உறுப்பினர்களின் எண்ணிக்கையிலிருந்து வருகிறவர்.

இப்போது தாள். மேலே 543 என்று எழுதுங்கள், மக்களவையில் தேர்தல் நடக்கும் இடங்கள் அவ்வளவு. அதற்குக் கீழே 272. பாதிக்கு மேல் ஒன்று. கீழே மூன்று பத்தி பிரியுங்கள்: தேர்தலுக்கு முன்பே ஒரே கூட்டணியாக நின்றவர்கள், எதிரே நின்ற கூட்டணி, இரண்டிலும் சேராதவர்கள்.

எண்களை எழுதும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். 'முன்னிலை' என்று டிவி சொல்வதெல்லாம் பென்சிலில். 'வெற்றி' என்று வந்தால்தான் பேனா. காலை பத்து மணிக்குப் பேனாவால் எழுதினவர்கள் சாயங்காலம் தாளைக் கிழித்துப்போட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கூட்டணிக்கு மொத்தம் இவ்வளவு என்று திரையில் பெரிய எழுத்தில் ஓடும். அதை எழுதாதீர்கள். கட்சி கட்சியாகப் பிரித்து எழுதுங்கள். விஷயமே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

அன்றைக்கு எங்கள் தாளில் வந்தது இது. பாஜக 240. அதற்கு மட்டும் 272 இல்லை, 32 குறை. 2014இல் 282, 2019இல் 303 என்று தனியாகவே தாண்டியவர்கள், அதனால் பத்து வருஷமாக இந்தக் கணக்குக்கு வேலையே இல்லாமல் இருந்தது. கீழே தெலுங்கு தேசம் 16. கூட்டினால் 256. ஐக்கிய ஜனதா தளம் 12. கூட்டினால் 268. இன்னும் நாலு குறை. ஷிண்டேயின் சிவசேனா 7. இப்போது 275, கோட்டைத் தாண்டியாகிவிட்டது. மீதிக் கட்சிகளையும் சேர்த்தால் 293. எதிர்ப் பத்தியில் காங்கிரஸ் 99, சமாஜ்வாதி 37, திரிணாமுல் 29, திமுக 22 என்று போய் மொத்தம் 234. சேராதவர்கள் 16.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "இந்த 16ம் 12ம் அந்தப் பக்கம் போயிட்டா?" அதைத்தான் அன்றைக்கு எல்லா சேனலிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டுப் பாருங்கள் என்றேன். 293இல் 28 போனால் 265. 234இல் 28 சேர்ந்தால் 262. இரண்டு பேருக்கும் 272 கிடையாது. சாவி அந்த மூன்றாம் பத்தியின் 16 பேரிடம் போய்விடும். "அப்ப ரெண்டு கட்சி போனாலும் பத்தாது" என்று அவரே சொன்னார். டிவியில் எட்டுப் பேர் கத்தியும் விளங்காதது, தாளில் ரெண்டு நிமிஷத்தில் விளங்கியது.

272 பற்றி ஒரு எச்சரிக்கை. அது கல்வெட்டு எண் அல்ல. சபையில் வாக்கெடுப்பு என்று வந்தால், அன்றைக்கு வந்து ஓட்டுப் போட்டவர்களில் அதிகம் எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு. 1999 ஏப்ரல் 17ஆம் தேதி வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக 269, எதிராக 270. எந்தப் பக்கமும் 272 வரவில்லை, ஆனாலும் ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. ஒடிசா முதலமைச்சராகப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்த கிரிதர் கமாங், எம்.பி. பதவியை இன்னும் விடாமல் இருந்ததால் டெல்லிக்கு வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். ஆகவே 272 என்பது பத்திரமான எண், அவ்வளவுதான். காலியிடமும் வராதவர்களும் சேரச் சேர அது இறங்கும்.

சரி, எண்ணிக்கை வந்துவிட்டது. அடுத்து ஆள். இதுதான் அண்ணாச்சி கேட்ட கூட்டம். ஜெயித்த கட்சியின் எம்.பி.க்கள் கூடித் தங்கள் நாடாளுமன்றக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கூட்டணி என்றால் கூட்டணித் தலைவரை. பெரும்பாலும் ஒரே பெயர், கைதட்டல், மாலை, முடிந்தது. 2024இல் ஜூன் 7ஆம் தேதி பழைய நாடாளுமன்றக் கட்டிடத்தின் மைய மண்டபத்தில் நடந்தது அப்படித்தான்.

எப்போதும் அப்படி இல்லை. விருதுநகர்க்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1964 மே 27ஆம் தேதி நேரு இறந்தபோது காங்கிரஸ் தலைவர் காமராஜர். குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமராக உட்கார, காமராஜர் கட்சிக்காரர்களை வரிசையாகப் பார்த்து, யார் பெயருக்கு எல்லோரும் ஒத்துவருவார்கள் என்று விசாரித்தார். மொரார்ஜி தேசாய் ஒதுங்கிக்கொள்ள, ஜூன் 2ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரி போட்டியில்லாமல் தலைவரானார். 1966இல் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்ததும் மறுபடி நந்தா, மறுபடி காமராஜர். இந்த முறை மொரார்ஜி விடவில்லை. கட்சிக்குள்ளேயே ஓட்டுப் பெட்டி வைத்தார்கள். இந்திரா 355, மொரார்ஜி 169. அந்த ஓட்டைப் போட்டவர்கள் காங்கிரஸ் எம்.பி.க்கள் மட்டும், மாநிலங்களவைக்காரர்களும் சேர்த்து. நாட்டின் பிரதமர் யார் என்பது ஐநூற்றுச் சொச்சம் பேரின் ஓட்டில் முடிந்தது. இரண்டு பேரைப் பிரதமராக்கிய காமராஜரை மறுவருஷமே எங்கள் ஊர் சட்டமன்றத் தேர்தலில் தோற்கடித்தது. அதைப் பற்றி இங்கே பேச ஆரம்பித்தால் மண்டியில் சண்டை வந்துவிடும்.

நான் வகுப்பில் விரும்பிச் சொன்ன கதை 1989. அந்தத் தேர்தலில் ஜனதா தளம் 143. டிசம்பர் 1ஆம் தேதி மைய மண்டபத்தில் கட்சிக் கூட்டம். பிரதமராக வி.பி. சிங் வருவார் என்று நாடே எதிர்பார்க்க, அவரே எழுந்து தேவிலால் பெயரை முன்மொழிந்தார். சந்திரசேகர் வழிமொழிந்தார். தேவிலால் தேர்வானதாக அறிவிப்பும் ஆகிவிட்டது. அடுத்த நிமிஷம் தேவிலால் எழுந்தார். ஊரில் என்னைப் பெரியப்பா என்கிறார்கள், நான் பெரியப்பாவாகவே இருக்கிறேன் என்கிற மாதிரிப் பேசிவிட்டு, வி.பி. சிங் பெயரைச் சொல்லி உட்கார்ந்தார். முன்பே பேசிவைத்த நாடகம். அதில் தனக்கு மட்டும் வசனம் சொல்லப்படவில்லை என்று தெரிந்த சந்திரசேகர் கோபமாக வெளியேறினார். ஒரு வருஷத்தில் அந்த அரசு கவிழ்ந்ததும் அடுத்த பிரதமர் அதே சந்திரசேகர்தான். ஆகவே கைதட்டலைக் கேட்டுவிட்டு டிவியை அணைக்காதீர்கள். எழுந்து போகிறவர் யார் என்று பாருங்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் தாளில் ஒரு புள்ளி வையுங்கள்.

தேர்வானவர் மறுக்கவும் செய்யலாம். 2004இல் காங்கிரஸ் எம்.பி.க்கள் சோனியா காந்தியைத்தான் தலைவராக்கினார்கள். மே 18ஆம் தேதி அவர் வேண்டாம் என்றார், மன்மோகன் சிங் வந்தார்.

இப்போது தாளின் அடுத்த பக்கத்துக்குத் திருப்புங்கள். குடியரசுத் தலைவர். அரசியல் சாசனத்தின் 75ஆவது பிரிவைப் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், மற்ற அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிப்பார், அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு. அவ்வளவுதான். யாரைக் கூப்பிட வேண்டும், பெரிய கட்சியையா, பெரிய கூட்டணியையா, எத்தனை நாளில், ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் நம் பிரதமர் மாதிரியான சான்சலரை நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது, ஜப்பானில் இரண்டு அவைகளும் ஓட்டுப் போடுகின்றன. நம்மிடம் பிரதமரைத் தேர்ந்தெடுக்கச் சபையில் ஒரு வாக்கெடுப்பே கிடையாது. முதலில் நியமனம், அப்புறம்தான் சோதனை. இதைப் பல வருஷம் நானே வகுப்பில் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கட்சிக்கே 272 இருந்தால் குடியரசுத் தலைவருக்குத் தலைவலி இல்லை. தொங்கு நாடாளுமன்றம் என்றால்தான் ஆள் ஆளுக்கு வழக்கம் மாறும். 1989இல் ராஜாமடத்துக்காரரான ஆர். வெங்கட்ராமன் பெரிய கட்சியை முதலில் கேட்டார். 197 இடம் வைத்திருந்த ராஜீவ் காந்தி வேண்டாம் என்றதும், அடுத்த பெரிய கட்சிக்குப் போனார். பாஜகவும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து ஆதரவு தர, வி.பி. சிங் வந்தார். 1996இல் சங்கர் தயாள் சர்மாவும் பெரிய கட்சியைத்தான் கூப்பிட்டார். பாஜகவுக்கு 161. மே 16 பதவியேற்பு. மீதி நூற்றுச் சொச்சம் பேரைப் பிடிக்க முடியவில்லை. 28ஆம் தேதி விவாதத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, வாக்கெடுப்புக்கு நிற்காமல் வாஜ்பாய் ராஜினாமா செய்தார். பதின்மூன்று நாள்.

அந்தச் சூடு பட்டதால்தானோ என்னவோ, 1998இல் கே.ஆர். நாராயணன் வேறு மாதிரி செய்தார். 182 இடம் வைத்திருந்த வாஜ்பாயிடம், ஆதரவுக் கடிதங்களைக் காட்டுங்கள் என்றார். அங்கேதான் தமிழ்நாடு உள்ளே வருகிறது. அதிமுகவின் 18 எம்.பி.க்களுக்கான கடிதம் சென்னையிலிருந்து போவது தாமதமானது. கூட்டணியாகவே சேர்ந்து நின்றவர்கள்தான், ஆனால் கடிதம் இல்லாமல் அந்த 18ஐக் கணக்கில் எழுத முடியவில்லை. கடிதம் போன பிறகுதான் மார்ச் 19ஆம் தேதி பதவியேற்பு. அடுத்த ஏப்ரலில் அதே 18ஐத் திரும்ப வாங்கிக்கொண்டதால்தான் மேலே சொன்ன 269-270 வந்தது.

அண்ணாச்சிக்கு இந்த இடம் உடனே பிடிபட்டது. "எங்க மண்டியில சரக்கு வேற, சீட்டு வேற சார். சரக்கு வருதுன்னு வாயால சொன்னா எழுத மாட்டேன். சீட்டு வந்தா எழுதுவேன். ஆனா மூடை இறங்கி நிறுவை போட்டாத்தான் பணம்" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. பேச்சு, கடிதம், சபை ஓட்டு. உங்கள் தாளில் ஒவ்வொரு கட்சிக்கும் நேரே இந்த மூன்று கட்டம் போட்டு, எது வந்திருக்கிறதோ அதில் மட்டும் டிக் அடியுங்கள். 1999இல் அரசு கவிழ்ந்தபின் சோனியா காந்தி குடியரசுத் தலைவரைப் பார்த்துவிட்டு வந்து 272 பேர் இருக்கிறார்கள் என்றார். பேச்சுக் கட்டத்தில் 272, கடிதக் கட்டத்தில் குறைந்துபோனது. அரசு அமையவில்லை, தேர்தல்தான் வந்தது.

நாள் கணக்கைப் பார்க்க 2024ஐயே வைத்துக்கொள்ளலாம். ஜூன் 4 முடிவு. 5ஆம் தேதி பழைய அமைச்சரவை கூடி மக்களவையைக் கலைக்கச் சொல்லிவிட்டு, பிரதமர் ராஜினாமா கொடுத்தார். அடுத்த ஏற்பாடு வரை தொடருங்கள் என்று குடியரசுத் தலைவர் சொல்லுவார், நாற்காலி ஒரு நாளும் காலியாக இருக்காது. 6ஆம் தேதி தேர்தல் ஆணையம் ஜெயித்தவர்கள் பட்டியலைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. 7ஆம் தேதி கூட்டணித் தலைவர் தேர்வு, ஆதரவுக் கடிதங்கள், அழைப்பு. 9ஆம் தேதி இரவு ஏழேகால் மணிக்குப் பதவிப்பிரமாணம். பிரதமரோடு சேர்த்து 72 பேர். 543இல் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் கூடாது என்று 2003இல் வந்த திருத்தம் சொல்கிறது, அதாவது அதிகபட்சம் 81. கூட்டணிக் கட்சிக்கு எத்தனை நாற்காலி என்கிற பேரம் இந்த 81க்குள்தான்.

பிரதமர் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டுமா? 1996 ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரம், பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், தேவகவுடா எந்தத் தொகுதியில ஜெயிச்சார்?" என்று கேட்டான். நான் திருதிருவென்று விழித்தேன். தேவகவுடா அந்தத் தேர்தலில் எந்த மக்களவைத் தொகுதியிலும் ஜெயிக்கவில்லை. கர்நாடக முதலமைச்சராக இருந்தவரை ஐக்கிய முன்னணி கூட்டிவந்து பிரதமராக்கியிருந்தது. அன்றைக்கு ராத்திரி புத்தகத்தைப் புரட்டி மறுநாள் பதில் சொன்னேன்: உறுப்பினராக இல்லாதவரும் அமைச்சராகலாம், பிரதமரும் ஆகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் பதவி போய்விடும். தேவகவுடா அந்த வருஷமே மாநிலங்களவைக்குப் போனார். 1991இல் நரசிம்ம ராவும் உறுப்பினராக இல்லாமல்தான் பதவியேற்றார், நவம்பரில் நந்தியால் இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே வந்தார். 1966இல் இந்திரா, 1997இல் குஜ்ரால், பத்து வருஷமும் மன்மோகன் சிங், எல்லோரும் மாநிலங்களவைக்காரர்கள். ஆகவே தோற்றுப்போனவர் அல்லது நிற்காதவர் என்று யார் பெயரையும் எடுத்த எடுப்பில் அடிக்காதீர்கள்.

கடைசிக் கட்டம் நிறுவை. அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சபையில்தான் பார்க்க வேண்டும் என்று 1994இல், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு மாநில அரசுகளைப் பற்றியது என்றாலும், டெல்லிக்கும் அதே வழக்கம்தான். சந்தேகம் இருந்தால் குடியரசுத் தலைவர் இத்தனை நாளுக்குள் நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்துங்கள் என்பார். சந்தேகம் இல்லாவிட்டால் தனியாக நடத்துவதில்லை. ஆனால் சபாநாயகர் தேர்தலையும், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தையும் கவனியுங்கள். அதில் தோற்கிற அரசு நிற்காது. 2024இல் இரண்டுமே குரல் வாக்கெடுப்பில் முடிந்தன, அதனால் நிறுவைக் கட்டத்தில் யாருக்கும் எண் வரவில்லை. இங்கே எம்.பி. தன் இஷ்டத்துக்குப் பொத்தானை அழுத்த முடியாது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும். தாளில் கட்சி கட்சியாக எழுதச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறுவைக்கே வராத பிரதமரும் உண்டு. 1979 ஜூலையில் சரண் சிங் பதவியேற்றார். சபை கூடுவதற்கு முன்பே இந்திரா காந்தி ஆதரவை விலக்கிக்கொண்டார். ஆகஸ்டில் சரண் சிங் ராஜினாமா செய்தார், ஆனாலும் அடுத்த ஜனவரி வரை காபந்துப் பிரதமராகத் தொடர்ந்தார். பிரதமராக நாடாளுமன்றத்தை ஒரு நாளும் சந்திக்கவில்லை.

ஜூன் 9ஆம் தேதி ராத்திரி பதவியேற்பை மண்டியில்தான் பார்த்தோம். அண்ணாச்சி தாளை வாங்கிப் பேனாவால் எல்லா எண்ணையும் அழுத்தி எழுதிக்கொண்டே வந்தார். தெலுங்கு தேசத்துக்கு நேரே வந்ததும் நிறுத்தி, பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டு, கல்லாப் பெட்டியில் பென்சிலைத் தேடினார். அந்த 16ம் 12ம் பென்சிலில்தான் இருக்கின்றன. தாளை மடித்துப் பேரேட்டில், வராத பாக்கி எழுதும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.